சிக்கம்மா பேசாத பேச்சு

மரக்கன்று கம்பெனியில் மைக் பிடிக்கிற வேலை என்பது, ஊர்க்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்களுக்கும் சேர்த்து நாமே பேசி முடித்துவிடுகிற வேலை. வீட்டு வாசலில் நின்று ‘ரெண்டே நிமிஷம் மேடம்’ என்று கெஞ்சிப் பிழைக்கும் சக பாவிகளே, தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் விற்பவர்களே, லோன் வேணுமா என்று போன் போட்டுத் திட்டு வாங்குபவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் காது சுடுகிறது.

லைன் வீட்டில் பயிற்சி

எங்கள் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு மெஷின் ஷாப் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, ப்ளஸ் டூ முடித்தது எல்லாம் ஓசூர் லைன் வீட்டில்தான். வலது பக்கம் தெலுங்கு, இடது பக்கம் கன்னடம், எதிரே மதுரை, மாடியில் ஒடியாப் பையன்கள். தண்ணீர் லாரி வந்தால் எல்லாப் பாஷையிலும் ஒரே நேரத்தில் சண்டை நடக்கும். சண்டை முடிந்து எல்லாரும் உள்ளே போனதும், நான் மொட்டைமாடியில் ஏறி அதே சண்டையை ஒருத்தியாக மறுபடி போடுவேன். ‘மோட்டர யாரு போட்டது?’ என்று ஹவுஸ் ஓனர் குரலில் ஒரு சத்தம் விட்டால் போதும், மாடிப் பையன்கள் சோப்பு நுரையோடு பாத்ரூமிலிருந்து ஓடி வருவார்கள். பொம்பளைக் குரல் எல்லாம் அச்சு அசல். ஆம்பளைக் குரல் மட்டும் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். பசித்தால் பக்கத்து வீட்டு அக்கா குரலில் சாம்பார் கேட்பேன், காசு வேண்டுமென்றால் அத்தை குரலில் அழுவேன். ஒருநாள் அப்பா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: “ஏட்டி, ஒஞ் சொந்தக் கொரல்ல ஒரு வாட்டி சோறு கேளு. அது எப்படி இருக்கும்னே மறந்து போச்சு எனக்கு.”

எனக்கு நானே கொடுத்த சிபாரிசு

கம்பெனி ஆபீசில் இண்டர்வியூவுக்குக் காத்திருந்தேன். விவசாயிகளுக்குத் தைலமரக் கன்று கொடுப்பது, சும்மா கிடக்கும் கொல்லைகளை, அதாவது பயிர் நிலங்களை, குத்தகைக்கு எடுத்து அதே மரத்தை வளர்ப்பது, வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவது, இதுதான் கம்பெனியின் தொழில். ரிசப்ஷன் அக்கா சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்குமா? எடுத்தேன். “ஜெகதீசன் பேசறேன். இண்டர்வியூவுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?” என்றது அந்தப் பக்கம். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரிசப்ஷன் அக்கா குரலிலேயே சொன்னேன்: “ஒரே ஒரு பொண்ணு சார். பார்த்தாலே தெரியுது சார், ரொம்பப் பொறுப்பான பொண்ணு.”

ஜெகதீசன் சார்தான் கள அதிகாரி. சேலத்துக்காரர். வனவியல் படித்தவர். மரத்தைப் பற்றிப் பேசினால் மூச்சு விடமாட்டார். “காகிதம் இல்லாம இருக்க முடியுமா? அதுக்கு மரத்த மலைக்காட்டுல போயி வெட்டறதா, சும்மா கெடக்கற கொல்லையில வளர்த்து வெட்டறதா? நீயே சொல்லு” என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அவர் ஆபீசுக்கு வந்தபோது ரிசப்ஷன் அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “நாளைக்கே வந்துடு. மைக் செட் வாங்கி வெச்சிட்டோம், பேசத்தான் ஆளில்லாம இருந்தோம்.”

ரெண்டு ஆம்பளைச் சண்டை

ஒரு குட்டியானை வண்டி, மேலே ஒலிபெருக்கி, பின்னால் கன்றுகள், முன்னால் நானும் டிரைவர் நாகராஜண்ணாவும். நாகராஜண்ணா வீட்டில் தெலுங்கு, மாமியார் வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். வெறும் விளம்பரம் சொன்னால் ஒருத்தரும் தலையைத் தூக்க மாட்டார்கள். அதனால் நான் ஒரு நாடகம் கட்டினேன். முனியப்பன், கோவிந்தன் என்று ரெண்டு விவசாயிகள். “தைலமரம் தண்ணியக் குடிக்கும், வேணாம்” என்பான் முனியப்பன். “ஆளுக்கு எங்க போவ? மரத்துக்குக் களை எடுக்கணுமா, காவலு இருக்கணுமா?” என்பான் கோவிந்தன். கெட்ட வார்த்தை வருகிற மாதிரி வந்து கடைசி நிமிஷத்தில் திரும்பிவிடும். கடைசியில் முனியப்பன் தோற்று, கன்று கேட்பான்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஊரில் இந்தச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். “உள்ள இருக்கற ரெண்டு பேரயும் எறங்கச் சொல்லு, ரோட்டுல இன்னா சண்டை? நான் பேசி முடிச்சு வுடறேன்” என்றார். நாகராஜண்ணா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே இரட்டைச் சடையோடு நான். பெரியவர் வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் சொன்னார்: “நீ ஒருத்தியே ரெண்டு பேராப் பேசிக்கினு வர்ற. அதுல வேணாங்கறவன ஒரு ஊர்லயாச்சும் ஜெயிக்க வுடக்கூடாதா பாப்பா?”

கோபாலப்பா குழாயடி

பேரிகைப் பக்கம் கோபாலப்பா என்று ஒருத்தர். ரெண்டு மகன்களும் விடியற்காலை பஸ்ஸில் ஓசூர் பாக்டரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். கொல்லையைப் பார்க்க ஆளில்லை, தைலமரம் வைத்துவிடலாம் என்பது அவர் கட்சி. “போர்த் தண்ணி அதலபாதாளத்துக்குப் போயிடும், பக்கத்துக் கொல்லக்காரன் நம்மளத் திட்டுவான்” என்பது அவர் மனைவி கட்சி. “தக்காளி மட்டும் தண்ணி குடிக்காம பால் குடிச்சா வளருது?” என்று இவர். “தக்காளிய நான் தின்னலாம், தைலத்த நீ தின்னு” என்று அந்தம்மா. ரெண்டு பேரிடமும் எனக்கு ஆமாம் போடத் தோன்றியது. அதுதான் இந்த வேலையின் சாபம்.

பிறகு குழாயடியில் கை கழுவும்போது நாகராஜண்ணாவுக்கு அதை நடித்துக் காட்டினேன். கோபாலப்பா மீசையை நீவுகிற நீவலோடு, அந்தச் சளிக்குரலில். நாகராஜண்ணா சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கோபாலப்பாவும் அந்தம்மாவும் நிற்கிறார்கள். அவர் கை மீசைக்குப் போய் பாதியில் நின்றுவிட்டது. அந்தம்மாதான் என்னைக் காப்பாற்றினார்: “அவரு மாதிரியே பேசற சரி. களை எடுக்கறதுலயும் அவரு மாதிரியே இருந்துடாத. அவரு இதுவரைக்கும் வந்ததே இல்ல.”

வரப்புக்கு அந்தப் பக்கம்

கர்நாடக எல்லையோரத்தில் ஒருத்தருக்குப் பாதி நிலம் அந்த மாநிலம், பாதி நிலம் இந்த மாநிலம். நான் வாயைத் திறப்பதற்குள், “இதையே அந்தப் பக்கம் வெக்கக்கூடாதுன்னு தடை போட்டிருக்காங்களே, தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. தெரியாதபோது ஜெகதீசன் சார் குரலில் பேசிவிடுவது என் வழக்கம். “அறிவியல் பூர்வமா மேலாண்மை செஞ்சா எந்த மரமும் கெடுதல் இல்லீங்க” என்றேன், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற பாவனையோடு. என் மூக்கில் கண்ணாடி இல்லை.

அவர் வரப்பின் மேல் ஏறி, ஒரு கால் அங்கே ஒரு கால் இங்கே வைத்து நின்றார். “இந்தக் கால்ல கெடுதலு, இந்தக் கால்ல அறிவியலா? மழைக்கு இந்த வரப்பு தெரியுமான்னு உங்க சாரக் கேட்டுட்டு வா.”

மைக்குக்கு வந்த மந்தை

இனிமேல்தான் சிக்கம்மா. சூளகிரி தாண்டி ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏரிக்கு மேலே சரிவாக ஒரு பெரிய மேட்டுநிலம். சொந்தக்காரர்கள் எல்லாம் ஓசூரிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்டார்கள். நிலம் சும்மாவே கிடந்தது. அதைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்துத் தைலமரம் வைக்கப்போகிறது. சிக்கம்மாவுக்கு அந்த நிலத்தில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. ஆனால் அவளுடைய செம்மறி ஆடுகள் அதில்தான் மேயும், அதன் வழியாகத்தான் ஏரியில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். யாரும் கொடுக்காத வழி, யாரும் மறிக்காத வழி. அவள் வீட்டில் கன்னடம். எங்களிடம் பேசும்போது தமிழும் கன்னடமும் வசவும் சரிபங்காக வரும்.

மந்தையைக் கூப்பிட அவளிடம் ஒரு சத்தம் உண்டு. நாக்கை மேலண்ணத்தில் உருட்டி ‘ட்ர்ர்ர்...’ என்று ஆரம்பித்து, ‘ஹே பா, பா, பா’ என்று இறங்கி, கடைசியில் உதட்டால் ஒரு உறிஞ்சல். கேட்டதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. ஒரு வாரம் பாத்ரூமில் பழகினேன். அடுத்த தடவை அந்த ஊருக்குப் போனபோது மைக்கில் அந்தச் சத்தத்தை விட்டேன். மேட்டில் மேய்ந்த மந்தை மொத்தமும் தலையைத் தூக்கியது. அப்புறம் புழுதி. குட்டியானைக்குப் பின்னால் ஆடு, பக்கத்தில் ஆடு, வண்டிக்கு முன்னாலும் ஆடு. ஒரு கிடா வண்டியின் பின்பலகை மேல் காலை வைத்துக் கன்றுகளை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் தும்மியது. நான் சிரித்துச் சிரித்து மைக்கையே கீழே போட்டேன்.

சிக்கம்மா கோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், என் வாயையே கூர்ந்து பார்த்தாள். “ஏனம்மா, என் புருசன் இருவது வருசமா இந்தச் சத்தம் போட்டுப் பார்த்தான், ஒரு குட்டிகூட திரும்பல. கம்பெனில சம்பளம் கம்மின்னா என்கூட வந்துடு.”

ஆளில்லாத கூட்டம்

மரம் வளர்த்தால் மட்டும் போதாது. காட்டையும் ஊரையும் கெடுக்காமல் வளர்ந்த மரம் இது என்று வெளியாட்கள் வந்து பார்த்து ஒரு சான்றிதழ் தரவேண்டும். அது இருந்தால்தான் பெரிய இடங்களில் காகிதம் விலை போகும். அதற்காக, மரம் வைப்பதற்கு முன் ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, அந்தப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பவேண்டும். ஜெகதீசன் சார் சாமியானா போட்டார், நாற்காலி போட்டார், டீயும் சுண்டலும் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அவர் வைத்த நேரம் மதியம். முதல் ஷிப்ட் ஆட்கள் இன்னும் ஓசூர் பாக்டரிகளில். இரண்டாம் ஷிப்ட் ஆட்களை அப்போதுதான் பஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது. நைட் ஷிப்ட் ஆட்கள் கதவைச் சாத்தித் தூங்குகிறார்கள். மிச்சப் பேர் கொல்லையில். சிக்கம்மா ஆட்டோடு எங்கேயோ. எங்கள் கூட்டத்துக்கு வந்தது மூன்று நாயும், சுண்டலுக்காக ஒரு குழந்தையும்.

பதிவை அன்றைக்கே அனுப்பவேண்டும். சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “சத்யா, நீ நாடகத்துல பேசறது இவங்க பேச்சுதானே? இவங்க என்ன சொல்வாங்கன்னு உனக்கு அத்துப்படி. அதையே பேசு. பொய் எதுவும் சேர்க்காத. ஒருத்தர் மட்டும் எதிர்த்துப் பேசி, கடைசில சமாதானம் ஆயிடணும். எல்லாரும் ஆமான்னா நம்பமாட்டாங்க.” வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அப்போது துள்ளிக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. “எத்தனை பேர் வேணும் சார்?” என்றுதான் கேட்டேன்.

கோபாலப்பா மாதிரி ஒருத்தர், அவர் மனைவி மாதிரி ஒருத்தர், பால் சொசைட்டிக்காரர் ஒருத்தர் என்று வரிசையாகப் பேசினேன். நடுவில் சாருக்கு ஆபீஸ் போன் வந்தது. எழுந்து தள்ளிப் போனார். எதிர்ப்புக்கு நான் எடுத்தது சிக்கம்மா குரல், பதிவில் சொன்னதும் அவள் பெயர்தான். அப்போது எனக்கு ஊத்தங்கரைப் பெரியவர் ஞாபகம் வந்தது. வேணாங்கறவரை ஒரு தடவையாவது ஜெயிக்க விடுவோமே! எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய என் பேச்சை எடுத்துச் சிக்கம்மா வாயில் வைத்தேன். “இந்த ஏரிக்கு வர்ற குருவிக்கு யாரு பட்டா குடுத்தா? நாளைக்கு நம்ம பேரப்புள்ளங்க குருவின்னா படத்துலதான் பாக்கணுமா? மனுசன் காலே படாத ஒரு எடம் பூமிக்கு வேணாமா?” என்று விட்டு விளாசினேன். கடைசியில் குரல் தழுதழுத்தது. சமாதானம் ஆகவே மறந்துவிட்டேன். சார் திரும்பி வந்து “சமாதானம் ஆயாச்சா?” என்றபோது “ஆயாச்சு சார்” என்றேன். நாகராஜண்ணா நாற்காலியில் தட்டிக் கைதட்டல் சத்தம் கொடுத்து முடித்துவிட்டு என் காதருகே வந்தார். “சிக்கம்மக்கா பேசினா நாலு கெட்ட வார்த்தையாவது வரும் பாப்பா. இது யாரோ டீச்சரம்மா பேசற மாதிரி இருக்குது.”

மேடம் கண் கலங்கியது

சான்றிதழுக்காகப் பார்க்க வந்த ஆடிட்டர் மேடம் பெங்களூர்க்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் ஆபீசில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். சிக்கம்மா பகுதி வந்ததும் நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெகதீசன் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாத்ரூமுக்கு ஓடி, வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு சிரித்தேன். ஆறுதல் பரிசு கொடுத்த டீச்சரிடம் போய்ச் சொல்லவேண்டும் போல் பெருமை வேறு.

மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஏரியை ஒட்டிய சரிவை மரம் வைக்காமல் அப்படியே விடவேண்டும், வேலி போட்டு, மனிதரும் கால்நடையும் நுழையாமல் குருவிகளுக்கென்று காக்கவேண்டும். மேட்டில் மரம் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சார் உடனே தலையாட்டினார். கிளம்பும்போது மேடம் சொன்னார்: “இந்த அம்மா மாதிரி ஒருத்தர் பேசறத கேக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அவங்க கேட்டது அவங்களுக்குக் கெடைக்கணும்.”

குருவிக்காக அழுதவள்

அடுத்த தடவை அந்த ஊருக்குப் போனபோது ஏரிச்சரிவு முழுக்கக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். குருவி படம் போட்ட பலகை, ‘உள்ளே நுழையாதீர்’ என்று. மேட்டில் புதுக் கன்றுகள். அங்கேயும் ஆடு நுழையக்கூடாது. மந்தை ஏரிக்குப் போகவேண்டுமென்றால் ஊரைச் சுற்றி நெடுஞ்சாலை ஓரமாகவே நடக்கவேண்டும். அங்கே லாரிக்கு ஆடு, மனிதர் எல்லாம் ஒன்றுதான்.

சிக்கம்மாவை அந்தச் சாலை ஓரத்தில்தான் பார்த்தோம். நாகராஜண்ணா வண்டியை நிறுத்தினார். அவள் தோளில் ஒரு குட்டி. பின்னங்கால் ஒன்று துணி மாதிரித் தொங்கியது. காலையில் லாரி உரசிவிட்டதாம். பின்னால் மந்தை மிரண்டுபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. “இப்படியே ரோட்டுல ஓட்டினா எல்லாம் போயிடும். வித்துட்டு நானும் கம்பெனில கூட்டிப் பெருக்கப் போகவேண்டியதுதான்” என்றாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. தெரிந்த பெண் என்று கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “பாப்பா, கூட்டத்துல யாரோ ஒரு பொம்பள குருவிக்காக அழுதாளாமே, அதனாலதான் வேலி போட்டாங்களாமே. அவ எந்த ஊருக்காரின்னு மட்டும் சொல்லு. நான் நேராப் போயி நாலு வார்த்த கேட்டுட்டு வர்றேன்.”

நிரூபிக்கச் சொன்னார்கள்

அன்றைக்கு நான் பொய்தான் சொன்னேன். ‘தெரியாதுக்கா’ என்றேன். அதைக்கூட நாகராஜண்ணா குரலில்தான் சொன்னேன் என்று அவர் பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்து மொட்டைமாடிக்குப் போகவில்லை. மாடிப் பையன்கள் ‘உடம்பு சரியில்லையா’ என்று எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை சாரிடம் போய், மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சார் சான்றிதழ் பைலை இழுத்து முன்னால் வைத்தார். “சொன்னா நீயும் நானும் மட்டும் போக மாட்டோம், சான்றிதழும் போயிடும்” என்றார். ஆனால் ‘சொல்லாதே’ என்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, வேலியைப் பார்க்க மேடமே திரும்ப வந்தார். ஏரிக்கரையில் சிக்கம்மாவைக் கூப்பிட்டு வரச்சொன்னார், சால்வை போட. ஊர்க்காரர்களும் பத்துப்பேர் கூடிவிட்டார்கள். சிக்கம்மா மந்தையைச் சாலைப்பக்கம் நிறுத்திவிட்டு வந்து, சால்வையைத் தொடக்கூட இல்லை. “எனக்கு இது எதுக்கு? வேலியப் பிரிங்க. என் ஆடு தண்ணிக்கு எறங்க வழி விடுங்க.” மேடத்துக்குப் புரியவில்லை. “நீங்கதானே இங்க மனுசன் காலே படக்கூடாதுன்னு பேசினீங்க?” என்று பதிவை ஓடவிட்டார். சிக்கம்மா தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள். “நல்லாத்தான் பேசறா. ஆனா நான் இல்ல. குருவிக்கு நான் எதுக்குப் பேசறேன்? காயப்போட்ட ராகிய மொத்தமும் தின்னுட்டுப் போவுது சனியன்!” ஊர்க்காரர்களோ, “குரலு உன்னுதுதான் சிக்கம்மா, அப்படியே இருக்குது” என்றார்கள்.

மேடத்தின் முகம் இறுகியது. ஜெகதீசன் சாரை முறைத்துவிட்டு, சிக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “கம்பெனிக்காரங்க மிரட்டினாங்களா? பயப்படாதீங்கம்மா, நீங்க பேசினதுதான் சரி. நான் இருக்கேன்.” சிக்கம்மா வழி வேண்டும் என்று கத்தக் கத்த, மேடம் அவளை அவளிடமிருந்தே காப்பாற்றப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன். “மேடம், அது நான் பேசினது.” என் சொந்தக் குரல் எனக்கே புதிதாக, மெலிசாக இருந்தது. மேடம் என் சட்டையில் இருந்த கம்பெனி பேட்ஜைப் பார்த்தார். “சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா? எங்க, அப்போ பேசிக் காட்டு.”

சிக்கம்மா முன்னால் நின்று சிக்கம்மாவாகப் பேச எனக்கு நாக்கே எழவில்லை. ‘இந்த ஏரிக்கு வர்ற’ என்று ஆரம்பித்தேன், சிக்கம்மா குரல் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். மேடம் பேனாவை மூடினார். வேறு வழி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை உருட்டினேன்: ட்ர்ர்ர்... ஹே பா, பா, பா. கண்ணைத் திறந்தபோது சாலைப்பக்கம் நின்ற மந்தை தலையைத் தூக்கியிருந்தது. அப்புறம் மொத்தமும் என்னை நோக்கி வந்தது. சிக்கம்மா வாயே திறக்காமல் நின்றாள். ஆடுகள் அவள் காலை உரசிக்கொண்டு, அவளைத் தாண்டி, என் முழங்காலில் வந்து முட்டின. நொண்டுகிற அந்தக் குட்டியும் பின்னால் ஏறி இறங்கி வந்தது. மேடம் மூடிய பேனாவைத் திறந்தார். சிக்கம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஆடுங்கதான் அறிவில்லாம ஏமாந்துச்சின்னு நெனச்சேன். குருவிக்காரியும் நீதானா?”

சாயங்காலக் கூட்டம்

சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டத்தைத் திரும்ப நடத்தவேண்டும், தானே உட்கார்ந்து கேட்பேன் என்றார் மேடம். இந்தத் தடவை முதல் ஷிப்ட் பஸ் வந்து ஆட்கள் முகம் கழுவிய பிறகு, சாயங்காலம். நாற்காலி போதவில்லை. மரம் வேண்டும் என்றவர்களும் சத்தம் போட்டார்கள், வேண்டாம் என்றவர்களும் சத்தம் போட்டார்கள். ‘குத்தகைப் பணம் வந்தா உனக்கு ஏன் எரியுது?’ என்று ஒருத்தர், ‘உன் மரம் தண்ணி குடிச்சா எனக்குத்தான் எரியும்’ என்று ஒருத்தர். என் நாடகத்தில் வராத வாதமெல்லாம் வந்தது. முனியப்பன் தோற்கவே இல்லை, கோவிந்தனும் தோற்கவில்லை. சிக்கம்மா எழுந்தாள். நாகராஜண்ணா சொன்ன நாலு கெட்ட வார்த்தையும் வந்தது. அவள் மரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. குருவியையும் விரட்டச் சொல்லவில்லை. மந்தை இறங்குகிற அகலத்துக்கு வேலியில் ஒரு திறப்பு, அவ்வளவுதான் கேட்டாள். நிலத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தருக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் வழி கேட்பார்கள் என்றார்கள்.

அன்றைக்கு என் வேலை, பேசுகிறவர்கள் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவது மட்டும். மேடம், “வேற யாராவது?” என்றார். சிக்கம்மா தன் வாய்க்கு நேரே இருந்த மைக்கைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். “பேசு” என்றாள். நானூறு கண்கள் என் மேல். எந்தக் குரலை எடுத்தாலும் கை தட்டுவார்கள் என்று தெரியும். எதையும் எடுக்கவில்லை. “அவங்க சொல்றது சரி. வழி விடணும்” என்றேன். ரெண்டே வாக்கியம், நாலு தடவை எச்சில் விழுங்கினேன். மேடம் எழுதிக்கொண்டார். திறப்பு வந்துவிட்டது. இப்போது மந்தை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. சாரையும் என்னையும் கம்பெனி தண்டனையாகப் போச்சம்பள்ளிப் பக்கம் நர்சரிக்கு மாற்றிவிட்டது, கன்று வளர்க்கும் கப்புகளில் தேங்காய்நார்த் தூள் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சாயங்காலம் நான் பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பாக்டரி யூனிபார்ம் அண்ணன் கையைத் தூக்கிக் கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது: “அங்க யாரோ பேசறாங்களே, யாரது? கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லுங்கப்பா!”

ஓசூர் முதல் ஊத்தங்கரை வரை எல்லார் குரலிலும் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த எனக்கு, என் குரலில் ஒரு வரி சொல்லும்போது மட்டும் எந்த மைக்கும் எட்டவில்லை.